யாழ் நகரம் எந்தப் பக்கம் வளரலாம்: மேலே, வெளியே, தள்ளி, உள்ளே

யாழ்ப்பாணத்தில் நகர அபிவிருத்தி பற்றி நாலு பேர் கூடிப் பேசினால் பேச்சு எப்படியும் வீதியில் வந்து நிற்கும். காங்கேசன்துறை வீதியை அகலிக்கலாமா, கஸ்தூரியார் வீதியை ஒருவழியாக்கலாமா, பேருந்து நிலையத்தை எங்கே வைப்பது என்று மணிக்கணக்கில் வாதாடுவார்கள். வேண்டிய பேச்சுத்தான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இனிக் கட்டப்போகும் வீடுகள் எங்கே எழும்ப வேண்டும்? வீடு எங்கே வருகிறதோ அங்கேதான் பின்னாலே வீதியும் மின்கம்பமும் குப்பை வண்டியும் போகின்றன.

இதற்கு நாலு பதில்கள் புழக்கத்தில் உள்ளன. மேலே போகலாம், அதாவது நகர மையத்தில் தொடர்மாடிகள். வெளியே போகலாம், இப்போது நடப்பது போல கோப்பாய், இருபாலை, நாவற்குழிப் பக்க வயல்களையும் கோண்டாவில், உரும்பிராய்ச் செம்மண் தோட்டங்களையும் துண்டு துண்டாக விற்று வீடு கட்டுவது. தள்ளிப் போகலாம், சாவகச்சேரி, சுன்னாகம், கொடிகாமம், பருத்தித்துறை போன்ற சிறு பட்டினங்களைப் பலப்படுத்தி நெருக்கடியை அங்கே திருப்புவது. கடைசியாக, உள்ளே வரலாம். பூட்டிக் கிடக்கும் வீடுகளையும் பற்றை மண்டிய வளவுகளையும் மறுபடி குடியிருப்பாக்குவது. இந்த நாலாவதைப் பற்றித்தான் மிகக் குறைவாகப் பேசுகிறோம். என் வாக்கு அதற்கே.

காரணத்தை ஒரு கணக்கிலிருந்து தொடங்கலாம். 1981 குடிசன மதிப்பீட்டில் யாழ் மாநகரசபை எல்லைக்குள் சுமார் 118,000 பேர் இருந்தார்கள். 2012 மதிப்பீட்டில் சுமார் 88,000 பேர். நிலம் அதே 20 சதுர கிலோமீற்றர் அளவுதான். முப்பதாயிரம் பேர் குறைந்த ஒரு நகரத்தில் "இடமே இல்லை" என்று எல்லோரும் சொல்கிறோம் என்றால், இடம் எங்கோ பூட்டுப் போட்டுக் கிடக்கிறது என்றுதான் அர்த்தம்.

முதலில் நிலத்துக்குக் கீழே

கொழும்பிலோ கண்டியிலோ இந்த ஒப்பீட்டைச் செய்தால் நிலவிலை, போக்குவரத்து, காட்சி என்று வரிசைப்படுத்தலாம். யாழ்ப்பாணத்தில் முதலாவது அளவுகோல் தண்ணீர். மற்றதெல்லாம் பிறகு.

குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறு என்று ஒன்று உண்டு. மாரியில் ஓடி அராலிப் பக்கம் கடலேரியில் விழும், கோடையில் தேடினாலும் கிடைக்காது. மற்றப்படி ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி, உப்புநீருக்கு மேலே ஒரு நன்னீர்ப் படையாக நிற்கிறது. அதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீற்றர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 மீற்றர் நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடிநீர்க் கோட்பாட்டின் கணக்கு. அதைத் திருப்பிப் பார்த்தால்தான் பயம் வரும். மேலே ஒரு மீற்றர் இறங்கினால், கீழிருந்து உப்பு 40 மீற்றர் ஏறும்.

சுண்ணாம்புக் கல்லுக்கு மணலைப் போல வடிகட்டும் குணமும் இல்லை. வெடிப்பு எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்தத் திசையில் கழிவும் ஓடும். நகருக்குக் கழிவுநீர்க் குழாய் வலையமைப்பு கிடையாது. வீட்டுக்கு வீடு மலசலகூடக் குழிதான். கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி இடைவெளி வேண்டும் என்பது மேசன்மார் முதல் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரை எல்லோரும் சொல்லும் விதி. அந்த விதியை இன்றைய காணித் துண்டில் வைத்துப் பாருங்கள்.

ஒரு பரப்பு என்றால் 10 பேர்ச், அதாவது 2,722 சதுர அடி. சதுரமான காணியென்றால் ஒரு பக்கம் 52 அடி. ஈசான மூலையில் கிணறு, எதிர் மூலையான தென்மேற்கில் குழி என்று வைத்தால் மூலைக்கு மூலை 70 அடிக்கு மேல் வரும். விதி சரி. ஆனால் தென்மேற்கில் இருக்கும் அயலவரும் சாத்திரம் பார்த்துத் தன் ஈசான மூலையில்தான் கிணறு வெட்டியிருக்கிறார். உங்கள் குழியும் அவர் கிணறும் மதில் மூலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நிற்கின்றன. நாலு பரப்பு வளவாக இருந்த காலத்தில் குழியை நகர்த்த இடமிருந்தது. மூன்று பெண்பிள்ளைகளுக்குச் சீதனமாகப் பிரித்த பிறகு எங்கே நகர்த்துவது?

குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். குறிப்பாகக் கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்து. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் அந்த அளவு தாண்டியிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. இதில் வீடுகளை மட்டும் குற்றம் சொல்லவும் கூடாது. தோட்டத்து யூரியாவுக்கும் பெரிய பங்கு உண்டு.

"இப்போதுதான் குழாய்த் தண்ணீர் வந்துவிட்டதே, இனிக் கிணறு எதற்கு" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். 2024 ஓகஸ்டில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கொள்ளளவு. நல்ல விஷயம், குறை சொல்வதற்கில்லை. அதற்கு முந்திய திட்டம் இரணைமடுக் குளத்திலிருந்து தண்ணீர் கொண்டுவருவது. கிளிநொச்சி விவசாயிகள் தங்கள் சிறுபோகம், அதாவது கோடை நெற்செய்கை, போய்விடும் என்று எதிர்த்தார்கள். நகரத்தின் தாகத்துக்கு வயலின் தண்ணீரை எடுக்கலாமா என்பது எந்தப் பொறியியல் அட்டவணையிலும் விடை கிடைக்காத கேள்வி. கடைசியில் கடலிடம் போனோம். ஆனால் கடல்நீரைச் சவ்வுக்குள்ளால் தள்ளி நன்னீராக்க ஒரு கனமீற்றருக்குப் பொதுவாக 3 முதல் 4 அலகு மின்சாரம் வேண்டும். இவ்வளவு செலவழித்து எடுத்த தண்ணீர் குசினியிலும் குளியலறையிலும் புழங்கிவிட்டு எங்கே போகிறது? அதே குழிக்குள். கழிவுக்கு வழி செய்யாமல் குழாய் மட்டும் போட்டால், காசு கொடுத்து வாங்கிய தண்ணீரைக் கழிவாக்கி, காசில்லாமல் கிடைத்த தண்ணீருக்குள் இறக்குகிறோம்.

மேலே போனால்

தொடர்மாடியை எதிர்ப்பவர்கள் முதலில் கோபுரத்தைக் காட்டுவார்கள். நல்லூர்க் கோபுரத்தை விட உயர்ந்த கட்டடம் பக்கத்தில் வரலாமா என்பார்கள். எனக்கு உயரம் பெரிய கவலை இல்லை. நூலகத்துக்கும் புல்லுக்குளத்துக்கும் பக்கத்தில் இந்திய உதவியில் கட்டிய பண்பாட்டு மையம் பல மாடிகளாக எழும்பி நிற்கிறது. கண் அதற்குப் பழகிவிட்டது. என் கவலையெல்லாம் கட்டடத்திலிருந்து கீழே இறங்குவதைப் பற்றித்தான்.

நாற்பது வீடுகள் கொண்ட ஒரு தொடர்மாடியை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு நாலு பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 120 லீற்றர் கழிவுநீர் என்று வைத்தால் 19,200 லீற்றர். 4,000 லீற்றர் கொள்ளும் பவுசர் தினமும் ஐந்து தடவை வந்து உறிஞ்ச வேண்டும். எந்த நிர்வாகக் குழுவும் அப்படிக் கூப்பிடப் போவதில்லை. அப்படியானால் மிச்சம் எங்கே போகிறது என்பது சொல்லாமலே விளங்கும். கட்டடத்துக்குள்ளேயே சுத்திகரிப்பு அமைப்பு வைக்கலாம், வைக்கிறார்கள். அது மின்சாரத்தாலும் பராமரிப்பாலும் உயிர்வாழும் சாதனம். கட்டியவர் கடைசி வீட்டை விற்றுவிட்டுப் போன பிறகு அதை யார் பார்ப்பது? மாதாந்தப் பராமரிப்புப் பணம் கேட்டால் மேல்மாடிக்காரர் லிப்ட் பழுது என்பார், கீழ்மாடிக்காரர் தனக்கு லிப்டே வேண்டாம் என்பார்.

அடுத்தது, அந்த வீடுகளை வாங்குவது யார் என்ற கேள்வி. நல்லூர்த் திருவிழா 25 நாள். அந்த நாட்களில் மட்டும் விளக்கு எரியும் வீடுகள் எத்தனை என்று அயலவரைக் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். பூட்டிய வளவுகளால் நிறைந்த ஊரில், பூட்டிய வீடுகளை மாடி மாடியாக அடுக்குவதால் வீட்டுப் பஞ்சம் தீராது.

ஆனாலும் தொடர்மாடியை ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். ஆறு பரப்பு வளவில் தனியே கிடக்கும் எழுபது வயது அம்மாவுக்கு, போதனா வைத்தியசாலைக்கு நடந்து போகும் தூரத்தில், வாசலில் ஒரு காவலாளியோடு சின்ன வீடு கிடைத்தால் அது வாழ்க்கையை மாற்றும் விஷயம். வெளிமாவட்டத்திலிருந்து மாற்றலாகி வரும் தாதியருக்கும் ஆசிரியருக்கும் அப்படியே. புகையிரத நிலையத்தையும் வைத்தியசாலையையும் சுற்றி, நாலு மாடிக்கு மேற்படாமல், கழிவுக்குப் பொது ஏற்பாட்டோடு சில கட்டடங்கள் வரலாம். கடற்றொழில் குடும்பங்களுக்கு மட்டும் மாடி வீடு கொடுத்துவிட்டு அது தீர்வென்று நினைக்கக்கூடாது. வலை, இயந்திரம், கருவாட்டுக்கு வெயில் எல்லாவற்றுக்கும் நிலத்தோடு ஒட்டிய முற்றம் வேண்டும்.

வெளியே போனால்

இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வீதியோரக் காணி விலை ஏறியதும் பின்னால் இருக்கும் தோட்டமோ வயலோ கிறவல் கொட்டி நிரப்பப்படுகிறது. இருபதடிப் பாதை ஒன்று கீறப்படுகிறது. ஒரு பரப்பு, ஒன்றரைப் பரப்பு என்று கல்லுப் போட்டு விற்கப்படுகிறது. வாங்குபவர் பக்கத்தில் பார்த்தால் நியாயமான முடிவு. நகருக்குள் வாங்கக் கட்டுப்படியாகாது, பிள்ளைக்கு வீடு வேண்டும், வங்கிக் கடனுக்குச் சுத்தமான உறுதி (காணிப் பத்திரம்) வேண்டும். இந்தத் துண்டுகளுக்கு உறுதி சுத்தமாக இருக்கும். அதுதான் இதன் மிகப் பெரிய கவர்ச்சி.

விலையை மற்றவர்கள் கொடுக்கிறார்கள். வயல் என்பது மாரித் தண்ணீர் தங்கிப் போகும் இடம். அதை நிரப்பினால் தண்ணீர் அடுத்த வீட்டு முற்றத்தில் தங்கும். 2008 நவம்பரில் நிஷா புயல் கொட்டிய மழையையும், 2024 நவம்பர் வெள்ளத்தையும் நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வயலை அனுமதியின்றி நிரப்பக்கூடாது என்று 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டம் சொல்கிறது. ஆனால் செம்மண் தோட்டத்துக்கு அந்தக் காவல்கூட இல்லை. மழை நிலத்தடிக்கு இறங்கும் பகுதியும் அதுதான், மரக்கறி வரும் பகுதியும் அதுதான். ஒருமுறை கொங்கிறீற்றுப் போட்டால் பிறகு அது தோட்டம் ஆகாது.

இங்கே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. வலிகாமம் வடக்கில் 1990 முதல் இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போன காணிகளில் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டிருக்கிறது, இன்னொரு பகுதி இன்னும் கிடக்கிறது. அங்கே திரும்பிப் போய் வீடு கட்டுபவரை "நகரம் பரவுகிறது" என்ற கணக்கில் சேர்க்கக்கூடாது. அவர்கள் போவது தங்கள் ஊருக்கு.

தள்ளிப் போனால்

1898 இல் எபனேசர் ஹோவார்ட் என்ற ஆங்கிலேயச் சுருக்கெழுத்தர் ஒரு யோசனை சொன்னார். லண்டன் வீங்கிக்கொண்டே போவதை நிறுத்த வேண்டுமென்றால், அதிலிருந்து தள்ளி, வயல்கள் சூழ, ஏறக்குறைய 32,000 பேர் வாழும் பட்டினங்களை அமைத்து, ரயிலால் இணைக்க வேண்டும். 1903 இல் லெச்வர்த் என்ற இடத்தில் வேலை தொடங்கியது. அவருடைய யோசனையில் பூங்காவும் மரமும்தான் உலகமெங்கும் பரவின. உண்மையான உயிர்நாடியான மற்றப் பாதியை எல்லோரும் வசதியாக மறந்துவிட்டார்கள். நிலம் பட்டினத்துக்கே பொதுவாக இருக்க வேண்டும், விலை ஏறினால் அந்த இலாபம் தரகரிடம் போகாமல் பட்டினத்துக்கே வர வேண்டும் என்பதே அது.

யாழ்ப்பாணத்துக்கு இதில் ஒரு அதிர்ஷ்டம் உண்டு. பட்டினங்களைப் புதிதாக உருவாக்க வேண்டியதில்லை. சாவகச்சேரியும் பருத்தித்துறையும் வல்வெட்டித்துறையும் நகரசபைகள். சுன்னாகத்துக்கும் கொடிகாமத்துக்கும் சொந்தச் சந்தை உண்டு. தண்டவாளமும் இருக்கிறது. யுத்தத்தால் நின்றுபோன கொழும்பு ரயிலான யாழ்தேவி 2014 ஒக்ரோபரில் மறுபடி யாழ்ப்பாணம் வந்தது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் காங்கேசன்துறை வரை ஓடியது. கொடிகாமம், சாவகச்சேரி, நாவற்குழி, யாழ்ப்பாணம், கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை என்று நிலையங்கள் வரிசையாக நிற்கின்றன. ஆனால் இந்தத் தடத்தின் முதன்மையான வேலை கொழும்புக்கு ஆள் ஏற்றுவது. காலையில் அரை மணிக்கு ஒன்றாக இரண்டு பெட்டிச் சிறு ரயில் சாவகச்சேரிக்கும் சுன்னாகத்துக்கும் இடையே ஓடினால் நிலைமையே வேறு. ஒற்றைத் தடம் என்பதால், எதிரெதிரே வரும் ரயில்கள் விலகிப் போக அங்கங்கே பக்கத் தடங்களும் சமிக்ஞையும் வேண்டும். வானளாவிய கட்டடங்களோடு ஒப்பிட்டால் அது பெரிய செலவல்ல.

ரயில் மட்டும் போதாது, வேலையும் அங்கே போக வேண்டும். கைதடியில் மாகாணசபைக் கட்டடத்தை வைத்ததும், யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்தைக் கிளிநொச்சி அறிவியல்நகரில் தொடங்கியதும் அந்தத் திசையில் எடுத்த அடிகள். ஆனால் காணிப் பதிவு, நீதிமன்றம், வைத்திய நிபுணர், ரியூசன் எல்லாம் யாழ் நகரத்திலேயே குவிந்திருக்கும் வரை பட்டினங்கள் தூங்கும் இடங்களாகத்தான் இருக்கும். ரியூசனைப் பகிடியாகச் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்துக் குடும்பம் வீடு எங்கே என்று தீர்மானிப்பதில் உயர்தர வகுப்பு எங்கே நடக்கிறது என்பதற்குப் பெரிய இடம் உண்டு. நகர வரைபடம் கீறுபவர்கள் இதை எழுதுவதில்லை.

இந்த வழியின் பலவீனம் காலம். நல்லபடி நடந்தால்கூடப் பதினைந்து இருபது வருடம். இந்த வருடம் கலியாணம் கட்டும் சோடி அதுவரை காத்திருக்காது. அத்தோடு கழிவுப் பிரச்சினை அங்கேயும் அப்படியே இருக்கிறது. தென்மராட்சியில் கடலேரி ஓரக் கிணறுகள் சீக்கிரமே உவர்த்துப் போகும்.

உள்ளே வந்தால்

வண்ணார்பண்ணையிலோ சுண்டிக்குளியிலோ ஒரு ஒழுங்கைக்குள் நடந்து பாருங்கள். கல் மதில், துருப்பிடித்த படலை, உள்ளே கூரை விழுந்த நாற்சார் வீடு, முற்றத்தில் முளைத்துவிட்ட ஆலங்கன்று, யாரும் இறைக்காத கிணறு. அடுத்த வீட்டில் ஆட்கள். அதற்கடுத்தது மறுபடி பூட்டு. மின்சாரம் வாசல் வரை இருக்கிறது, வீதி இருக்கிறது, பள்ளிக்கூடம் நடக்கிற தூரத்தில். அரச பணம் ஏற்கெனவே செலவழிந்த இடம் இது.

இங்கே ஏன் யாரும் கட்டுவதில்லை? காணி பிரிபடாத பங்கில் கிடக்கிறது. தாத்தா உறுதி எழுதாமல் கண்மூடினார். ஏழு பிள்ளைகள், அவர்களுக்குப் பிள்ளைகள். ரொறன்ரோவில் ஆறு பங்கு, லண்டனில் நாலு, பாரிசில் இரண்டு, ஒரு பங்கு எங்கே என்றே தெரியவில்லை. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமைப்படி பங்காளிக்கு வாங்கும் முன்னுரிமை உண்டு. 1947 இல் அதற்கென்று தனிக் கட்டளைச் சட்டமே வந்தது. வெளியாருக்கு விற்பதென்றால் முதலில் பங்காளிகளுக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்க முகவரி வேண்டும். அற்றோணித் தத்துவம், அதாவது அவர் சார்பில் கையெழுத்திடும் அதிகாரம், கேட்டு எழுதினால் "அம்மா இருந்த வீடு, விற்க மனமில்லை" என்று பதில் வரும். காணிப் பிரிவினை வழக்குப் போட்டால் அது பேரப்பிள்ளை காலத்தில் முடியும்.

வாடகைக்காவது விடலாமே என்றால், அங்கே ஒரு பழைய பயம். 1972 ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் குடியிருப்பவரை எழுப்புவதை மிகவும் கடினமாக்கியது. சொந்தக்காரருக்கு எதிரிடையாகப் பத்து வருடம் ஆண்டால் காணிக்கு உரிமை கோரலாம் என்ற விதி வேறு. யுத்தத்தால் தங்கள் காணிக்குப் போக முடியாமல் இருந்தவர்களுக்கு அந்தக் காலத்தைக் கழித்துக் கொடுக்க 2016 இல் ஒரு சிறப்புச் சட்டம் வந்தது. ஆனால் பயம் சட்டத்தைப் படிப்பதில்லை. ஆள் வைப்பதை விடப் பூட்டுப் போடுவதே பாதுகாப்பு என்று குடும்பங்கள் முடிவெடுத்துவிட்டன.

அதனால் உள்ளே வருவதற்கு வரைபடத்தை விடக் காணிச் சட்டமும் பேச்சுவார்த்தையும்தான் முக்கியம். உதாரணம் தேடி ஐரோப்பா போகத் தேவையில்லை. 2001 நிலநடுக்கத்தில் இடிந்த குஜராத்தின் பூஜ் நகரத்தில், நெருக்கமான பழைய பகுதியைக் காணிச் சீரமைப்பு முறையில் மறுபடி கட்டினார்கள். ஒரு பகுதியின் காணிகளை ஒன்றாக வரைபடத்தில் வைத்து, வீதிக்கும் பொது இடத்துக்கும் வேண்டியதை எல்லோரிடமும் கழித்து, மீதியைச் சீரான துண்டுகளாகத் திருப்பிக் கொடுப்பது அந்த முறை. பெரிய காணியில் கூடுதலாகவும் சிறியதில் குறைவாகவும் கழித்தார்கள். ஒட்டுமொத்தமாகச் சுவீகரிக்கவில்லை. கொஞ்சம் நிலம் போனது, மிச்சத்தின் பெறுமதி கூடியது. நம்மிடம் 1946 ஆம் ஆண்டின் நகர, கிராம அமைப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது, 1978 இலிருந்து நகர அபிவிருத்தி அதிகாரசபை இருக்கிறது. ஒரு ஒழுங்கையின் பங்காளிகளையெல்லாம் சூமில் உட்கார வைத்துப் பேசவைக்கும் அலுவலர் ஒருவர்தான் இல்லை.

இந்த இடத்தில் பற்றிக் கெடஸ் என்ற ஸ்கொட்லாந்துக்காரரைச் சொல்லாமல் போக முடியாது. 1914 இல் அவர் தன் நகரக் கண்காட்சியை இந்தியாவுக்கு அனுப்பினார். அதை ஏற்றிவந்த கப்பலை ஜேர்மன் போர்க்கப்பல் எம்டன் மூழ்கடித்தது. ஆம், நாம் இன்றும் குறும்பான ஆட்களுக்குப் பட்டமாக வைக்கும் அதே எம்டன்தான். மனிதர் சளைக்கவில்லை, புதிதாகத் திரட்டி 1915 இல் சென்னையில் வைத்தார். தென்னிந்திய நகரங்களுக்கு அவர் எழுதிய அறிக்கைகளின் சாரம் இதுதான்: நெருக்கமான பகுதியை இடித்து நேர்கோட்டு வீதி போடாதே. முதலில் வீடு வீடாகப் பார். பாழடைந்ததை மட்டும் எடு. எடுத்த இடத்தில் காற்றும் மரமும் வரட்டும். குளத்தைத் தூர்க்காதே, துப்புரவாக்கு. 1921 இல் கொழும்புக்கும் ஒரு திட்ட அறிக்கை கொடுத்தார். யாழ்ப்பாணத்தில் ஆரியகுளமும் புல்லுக்குளமும் மிஞ்சியிருக்கும் விதத்தைப் பார்த்தால் அவர் சொன்னதன் பாதி இன்னும் இங்கே செய்யக்கூடியது. குளத்தைச் சுற்றி நடைபாதையும் விளக்கும் போடுவது எளிது. குளத்துக்கு மழைநீர் வரும் வாய்க்காலின் மேல் யார் கடை கட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பது கடினம்.

உள்ளே நிரப்பும்போது கழிவுக்கு என்ன செய்வது? இங்கேதான் இந்த வழி மற்ற மூன்றையும் முந்துகிறது. காணிகளைச் சேர்த்துப் பேசும் வாய்ப்பு வருவதால், எட்டுப் பத்து வீட்டுக்கு ஒரு பொது அமைப்பு வைக்க இடம் கிடைக்கிறது. அடியும் பக்கமும் மூடிய தாங்கி, உள்ளே தடுப்பறைகள், அதற்குப் பிறகு நாணல் வளர்ந்த, அடியில் தண்ணீர் கசியாத சரளைக்கல் படுக்கை. மோட்டர் தேவையில்லை, சரிவு இருந்தால் போதும். வெளிவரும் நீரில் நைதரசன் சத்து மிஞ்சியிருக்கும். அதை நிலத்துக்குள் விடாமல் வாழைக்கும் தென்னைக்கும் பாய்ச்சலாம். தாங்கியின் சேற்றை வருடத்துக்கு ஒருதடவை பவுசர் எடுத்தால் போதும். நகர் முழுவதற்கும் குழாய் வலை என்ற பெரிய கனவுக்குப் பணம் வரும் வரை இதுவாவது கிணற்றைக் காக்கும்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். நகருக்குள் ஆள் வந்தால் நிலவிலை இன்னும் ஏறும். வாடகைக்கு இருக்கும் ஏழைக் குடும்பம் வெளியே தள்ளப்படும். நாவாந்துறை, கல்லுண்டாய்ப் பக்கக் கடலேரி ஓரங்களில், மழைக்கு நீர் ஏறும் தாழ்நிலத்தில், குப்பை மேட்டின் மணத்தோடு யார் வாழ்கிறார்கள் என்று பார்த்தால், இந்த ஊரில் நல்ல மேட்டுநிலம் சாதியாலும் காசாலும் எப்படிப் பங்கிடப்பட்டது என்பது தெரியும். காணியுள்ளவரின் பேச்சுவார்த்தையாக மட்டும் இது நடந்தால், காணியில்லாதவருக்கு அந்த மேசையில் கதிரையே இருக்காது. கழித்தெடுக்கும் நிலத்தில் ஒரு பங்கு காணியற்ற குடும்பங்களுக்கான வாடகை வீட்டுக்கு என்று முதலிலேயே எழுதி வைக்காவிட்டால், நானே இந்த வழிக்கு எதிராகக் கை உயர்த்துவேன்.

சரி, எதை எடுப்பது?

தண்ணீரை வைத்துப் பார்த்தால் வெளியே போவது மிக மோசம், அடுத்த மோசம் சுத்திகரிப்பில்லாத தொடர்மாடி. வேகத்தை வைத்துப் பார்த்தால் வரிசை தலைகீழ். தொடர்மாடியும் வயல் துண்டும் உடனே கிடைக்கும், உள்ளே வருவதும் தள்ளிப் போவதும் பொறுமை கேட்கும். இலாபம் யாருக்கு என்று பார்த்தால் முதல் இரண்டிலும் கட்டுபவருக்கும் தரகருக்கும், பின்னிரண்டிலும் கொஞ்சமாவது ஊருக்கு. அரசியல்வாதிக்கு எது பிடிக்கும் என்று கேட்டால், நாடா வெட்டக்கூடியது எதுவோ அது.

என் வரிசை இது. நகருக்குள் இரண்டு, மூன்று மாடியில் நிரப்புவது முதலாவது. ரயில் தடத்தோடு சுன்னாகத்தையும் சாவகச்சேரியையும் தூக்கிவிடும் வேலையை அதோடு சமகாலத்தில் தொடங்க வேண்டும், ஏனென்றால் அதன் பலன் பிந்தித்தான் வரும். தொடர்மாடிக்கு வைத்தியசாலையையும் நிலையத்தையும் சுற்றி மட்டும் அனுமதி, சுத்திகரிப்புப் பராமரிப்புக்கு வைப்புப் பணம் கட்டிய பிறகுதான் வீடு விற்கலாம் என்ற நிபந்தனையோடு. செம்மண்ணிலும் வயலிலும் புதுத் துண்டுபோடுதல் வேண்டாம்.

இதற்குத் தடையாக ஒரு நிர்வாகக் கோளாறும் நிற்கிறது. மாநகரசபை எல்லை முடிகிற இடத்தில் நகரம் முடிவதில்லை. திருநெல்வேலியும் பல்கலைக்கழகமும் நல்லூர்ப் பிரதேசசபைக்குள். கோண்டாவிலும் அப்படியே. மாநகரசபை உள்ளே கட்டச் சொன்னாலும், எல்லைக்கு அப்பால் துண்டுபோட அனுமதி தொடர்ந்தால் எல்லோரும் அங்கேதான் போவார்கள். இரண்டு சபைகளும் ஒரே வரைபடத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

பூட்டிய வளவுக்கு ஆதனவரியைக் கூட்டலாம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு முழுச் சம்மதமில்லை. ஓடிப்போனவர் விரும்பி ஓடவில்லை. ஆனால் ஒழுங்கைத் திட்டத்தில் சேர்பவருக்குச் சில வருட வரிச் சலுகை கொடுத்து, பேச அழைத்தும் பதில் சொல்லாதவருக்கு மட்டும் கூட்டலாம். அது தண்டனை என்பதை விட ஒரு கடிதத்துக்குப் பதில் வாங்கும் வழி.

முதல் வேலைக்குப் பெரிய பணம் தேவையில்லை. கிராம அலுவலர் பிரிவு வாரியாகப் பூட்டிய வீடு, வெற்று வளவு, பாவனையில்லாத கிணறு ஆகியவற்றை எண்ணி ஒரு வரைபடத்தில் குறிக்கலாம். பல்கலைக்கழகப் புவியியல் மாணவர்கள் ஒரு விடுமுறையில் முடித்துவிடுவார்கள். அதிலிருந்து பங்காளிகள் ஓரளவு ஒத்துவரும் ஒரு ஒழுங்கையைத் தெரிந்து, எட்டுப் பத்துக் காணியில் பரீட்சித்துப் பார்க்கலாம். தாங்கி வைப்பதற்கு முன் சுற்றியுள்ள கிணறுகளின் நைத்திரேற்றை அளந்து வைத்துக்கொள்ள வேண்டும். பக்கத்து ஒழுங்கை ஒன்றிலும் அதே அளவு. இரண்டு மாரி கழித்து இரண்டு இடத்திலும் மறுபடி அளந்து, அந்த எண்களை மாநகரசபையின் அறிவித்தல் பலகையில் ஒட்டினால், அடுத்த ஒழுங்கைக்காரர் தாங்களாகவே கேட்டு வருவார்களா இல்லையா என்று பார்க்கலாம்.